கை பேசும் வீட்டைப் படமாக்குவது எப்படி

2021இல் வந்த 'கோடா' படத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலோரத்தில் கிளாஸ்டர் என்ற மீன்பிடி ஊரில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, அண்ணன் மூவருக்கும் காது கேட்காது. கடைக்குட்டி ரூபிக்கு மட்டும் கேட்கும். விடியுமுன் படகில் போகிறாள், கரையில் மீன் விலைக்குப் பேரம் பேசுகிறாள், மருத்துவரிடம் அப்பா அம்மாவின் நோயை எடுத்துச் சொல்கிறாள். அவளுக்குப் பாட வரும், ஆனால் அது வீட்டில் யாருக்கும் கேட்டதில்லை. காது கேளாதவர்களின் பிள்ளைகளை ஆங்கிலத்தில் சுருக்கிக் கூப்பிடும் பெயர் கோடா. இசையில் ஒரு பாட்டை முடித்துவைக்கும் வால்பகுதிக்கும் அதே பெயர்தான். 2022 மார்ச் 27 அன்று இந்தப் படம் சிறந்த படம், துணை நடிகர், தழுவல் திரைக்கதை என்று மூன்று ஆஸ்கர் வாங்கியது.

அதைப் பார்த்துவிட்டு, 'இப்படி ஒரு கதையை நம் ஊரில் வைத்து எடுக்கலாமே' என்று தோன்றுகிறவர்களுக்கு இது. பத்து நிமிடக் குறும்படம், நாலைந்து பேர் கொண்ட குழு, வாடகைக்கு எடுத்த ஒரு கேமரா என்ற அளவை மனதில் வைத்துச் சொல்கிறோம். எல்லாமே ஒரு விஷயத்தில் போய் முடியும்: இந்தப் படத்தில் கையும் முகமும்தான் வசனம். ஃபிரேமுக்கு வெளியே போன கை, காதில் விழாமல் போன வசனம். பேச்சுப் படத்தில் செல்லுபடியாகும் பல பழக்கங்கள் இங்கே வசனத்தையே வெட்டிவிடும்.

முதலில் ஆட்கள்

காது கேளாத பாத்திரத்துக்குக் காது கேளாத நடிகர். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கோடாவுக்கு மூலமான 2014 பிரெஞ்சுப் படத்தில் காது கேட்கும் நடிகர்களே காது கேளாத பெற்றோராக நடித்தார்கள். அதற்காக அந்தப் படம் காது கேளாதோரிடம் கடுமையாக வாங்கிக்கட்டிக்கொண்டது. அமெரிக்கப் படம் உருவானபோதும், அப்பா வேடத்துக்குப் பிரபலமான காது கேட்கும் நடிகரைப் போடலாம் என்று பணம் போடுகிறவர்கள் யோசித்தார்கள். அப்படியானால் நான் விலகிக்கொள்கிறேன் என்று அம்மா வேடத்தில் நடித்த மார்லி மேட்லின் நின்றார். அதனால் உள்ளே வந்த டிராய் காட்சர், ஆஸ்கர் வாங்கிய முதல் காது கேளாத ஆண் நடிகர் ஆனார். பிறவியிலிருந்து அந்த மொழியில் வாழ்கிறவரின் கையில் வரும் வேகத்தையும் குறும்பையும் மூன்று மாதப் பயிற்சியால் கொண்டுவர முடியாது. திரையரங்கில் இருக்கும் காது கேளாத ரசிகர் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

தேடுவது கஷ்டமில்லை. மாவட்டந்தோறும் காது கேளாதோர் சங்கங்கள் இருக்கின்றன. பாளையங்கோட்டையில் இருப்பதுபோன்ற பழைய சிறப்புப் பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள் ஒருவரோடொருவர் தொடர்பில் இருப்பார்கள். அறிவிப்பை எழுதி ஒட்டுவதைவிட, ஒரு நிமிடச் சைகை வீடியோவாக எடுத்து அவர்களுடைய வாட்ஸாப் குழுக்களில் போடச் சொல்லுங்கள். நடிப்புத் தேர்வுக்கு வருகிறவர்களிடம் மனப்பாட வசனம் கேட்காதீர்கள். 'நேற்று பஸ்ஸில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் போதும், யார் கதை சொல்லி என்று தெரிந்துவிடும்.

காது கேட்கும் பிள்ளை வேடம்தான் இடறும் இடம். அந்தப் பிள்ளைக்குச் சைகை தாய்மொழி. எமிலியா ஜோன்ஸ் ரூபி வேடத்துக்காக ஒன்பது மாதம் சைகை மொழி படித்தார். அப்படியும், காது கேளாத பெற்றோரின் பிள்ளையையே போட்டிருக்கலாம் என்ற விமர்சனம் வந்தது. குறும்படத்துக்கு ஒன்பது மாதம் யாரும் தரமாட்டார்கள். ஆகவே உண்மையிலேயே அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த ஒரு பிள்ளையைத் தேடுவதுதான் சுருக்குவழி. காது கேளாத பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் காது கேட்கும் என்பதால், சங்கத்தில் விசாரித்தால் பத்துப் பிள்ளைகளாவது தெரியவருவார்கள். கேமரா அனுபவம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அதை ஒரு வாரத்தில் பழக்கிவிடலாம்.

பிள்ளை 14 வயதுக்குக் கீழே என்றால் சட்டத்தையும் பாருங்கள். இந்தியாவில் குழந்தை நடிகரை ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடைவேளையில்லாமல் 3 மணி நேரம் தாண்டக் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும்.

அடுத்தது சைகை இயக்குநர். இந்தப் பதவி பல குழுக்களுக்குத் தெரியாது; தெரியாததால்தான் படம் கெடுகிறது. கோடாவில் அலெக்ஸாண்ட்ரியா வெய்ல்ஸ், ஆன் டொமசெட்டி இருவரும் இந்த வேலையைச் செய்தார்கள். வசனத்தைச் சைகைக்குக் கொண்டுவருவது, ஒவ்வொரு டேக்கிலும் சைகை சரியா என்று மானிட்டரில் பார்ப்பது, எந்தப் பாத்திரம் எப்படிப் பேசும் என்று முடிவுசெய்வது, வீட்டுச் சாமான்களின் அமைப்பைக்கூடத் திருத்துவது, எல்லாம் அவர் கையில். காது கேளாதவராகவே இருக்கட்டும். 'இந்த டேக் வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும், அதை முதல் நாளே குழுவின் முன்னால் சொல்லிவிட வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் வேறு, சைகை இயக்குநர் வேறு. ஒருவரையே இரண்டுக்கும் போட்டால் இரண்டும் நடக்காது. முழுநாள் படப்பிடிப்புக்கு இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். 20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். ஒரே ஆள் நாள் முழுக்கச் செய்தால் மதியத்துக்குமேல் பாதி விஷயம் விட்டுப்போகும். நடிகரின் மகளையோ தம்பியையோ 'கொஞ்சம் சொல்லிவிடும்மா' என்று நிற்கவைக்காதீர்கள். உங்கள் கதையே அந்தப் பிள்ளையின் தோளில் ஏறிய சுமையைப் பற்றியது.

எழுதும்போது

வசனத் தாளில் நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் தமிழில் நீங்கள் நினைத்த வசனம். இரண்டாவதில் சைகைகளின் வரிசை, ஒவ்வொரு சைகைக்கும் ஒரு சொல்லாக. மூன்றாவதில் திரையில் ஓடப்போகும் எழுத்து வரி. மூன்றும் ஒன்றாக இருக்காது, இருக்கவும் கூடாது. இந்தியச் சைகை மொழிக்கு அதற்கென இலக்கணம் உண்டு. கேள்விச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். 'இல்லை' என்பதும் கடைசியில். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியை உயர்ந்த புருவமும் முன்னால் சாய்ந்த தலையுமே கேள்வி ஆக்கும். தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் கையால் போட்டால், அது காது கேளாதவருக்கு அகராதியை வாசிப்பதுபோல் இருக்கும்.

அமெரிக்கச் சைகை மொழி வேறு, இந்தியச் சைகை மொழி வேறு. கோடாவில் பார்த்து ரசித்த சைகையைத் தூக்கிவந்து வைக்க முடியாது. எழுத்துக்கூட்டிச் சொல்வதில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: அமெரிக்க முறையில் ஒரு கை போதும், இந்திய முறைக்கு இரண்டு கையும் வேண்டும். கோடாவின் அப்பா ஃபிராங்க் ரோஸி ஒரு கையில் எதையாவது பிடித்துக்கொண்டே மறுகையால் ஒரு பெயரை எழுத்துக்கூட்ட முடியும். உங்கள் நடிகர் டீ டம்ளரைக் கீழே வைத்தாக வேண்டும். அந்த நொடியைத் திரைக்கதையிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் டம்ளர் ஒரு ஷாட்டில் கையிலும் அடுத்த ஷாட்டில் மேசையிலும் இருந்து கன்டினியூட்டி உடையும்.

வீட்டுக்குள் யாரும் யார் பெயரையும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். எல்லோருக்கும் பெயர்ச் சைகை இருக்கும், கன்னத்து மச்சத்தையோ சின்ன வயதுச் சேட்டையையோ வைத்து. உங்கள் பாத்திரங்களுக்குப் பெயர்ச் சைகையை நடிகர்களும் சைகை இயக்குநரும் சேர்ந்து வைக்கட்டும். இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் வெளியிட்ட 10,000 சொல் அகராதி இணையத்தில் இருக்கிறது. சொல் தேடுவதற்கு நல்லது. ஆனால் ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி சைகை மாறும். நாகப்பட்டினத்துக் குடும்பம் அகராதிச் சைகையில் மட்டும் பேசினால் அது செய்தி வாசிப்பதுபோல் விறைப்பாக இருக்கும்.

உதடு பார்த்துப் புரிந்துகொள்வதை மந்திரம்போல் காட்டாதீர்கள். கண்ணாடி முன்னால் நின்று பணம், மணம் என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதட்டில் இரண்டும் ஒன்றே. ககரம் தொண்டைப் பக்கமே பிறந்து முடிந்துவிடும், வெளியே தெரியாது. கடைக்காரர் சொல்வதைக் காது கேளாத அப்பா ஒரு வரி விடாமல் உதட்டிலிருந்து படிக்கிறார் என்று எழுதினால் அங்கேயே நம்பகம் போயிற்று. தவறாகப் படித்துவிட்டுப் பணத்துக்கும் மணத்துக்கும் நடுவில் அவர் மாட்டிக்கொள்வது நல்ல காட்சி.

வீட்டுப் பழக்கங்களை ஊருக்கேற்ப எழுதுங்கள். அமெரிக்க மரவீட்டில் தரையை மிதித்தால் அதிர்வு அடுத்த ஆளின் காலுக்குப் போகும். நம் சிமெண்ட் தரையில் குதித்தாலும் போகாது. இங்கே மேசையைத் தட்டுவார்கள், விளக்குச் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பார்கள், கையை வீசுவார்கள், சின்னதாக ஏதாவது பொருளைத் தூக்கிப் போடுவார்கள், தோளைத் தொடுவார்கள். வீடியோ அழைப்பில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். இரண்டு கையும் வேண்டுமென்பதால் போனை எவர்சில்வர் செம்பில் சாய்த்து வைத்திருப்பார்கள். இன்றைய கதையில் போனே தொடாத காது கேளாத அப்பா என்றால் எழுதியவர் அந்த வீட்டுக்குள் போனதில்லை என்று பொருள்.

கதையின் எடையைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளை இல்லாவிட்டால் பெற்றோருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது என்று காட்டுவது இந்தக் கருவில் எல்லோரும் விழும் குழி. கோடா மீது காது கேளாதோர் வைத்த குறைகளில் இது முக்கியமானது. அமெரிக்காவில் 1990இல் வந்த சட்டப்படி மருத்துவமனையே மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டியிருக்க, 17 வயதுப் பெண் எதற்கு அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டார்கள். உங்கள் கதையிலும் பிள்ளை மொழிபெயர்க்கும் ஒவ்வொரு காட்சிக்கும் அருகில், 'இங்கே வேறு யார் இருந்திருக்க வேண்டும், ஏன் இல்லை' என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பாதிக் காட்சிகள் தானாக மாறும். பிள்ளை இல்லாமல் அப்பா அம்மா தாங்களே ஒரு வேலையைத் திறமையாக முடிக்கும் காட்சி ஒன்றாவது வேண்டும்.

வசனத்தைச் சைகைக்குக் கொண்டுவரும் வேலைக்கு நேரம் ஒதுக்குங்கள். நான்கு நிமிடச் சைகை உரையாடலுக்கு மூன்று மணி நேர அமர்வுகள் குறைந்தது நான்கு வேண்டும். முடிவான ஒவ்வொரு வரியையும் சைகை இயக்குநர் நேராக நின்று செய்துகாட்ட, போனில் எடுத்துக் காட்சி எண் போட்டு எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். எடிட்டர் உட்பட.

ஃபிரேமும் லென்ஸும்

சைகைக்கு ஒரு வெளி உண்டு. உயரத்தில் உச்சந்தலை முதல் இடுப்பு வரை, அகலத்தில் இரண்டு முழங்கையும் விரிந்த தூரம். இதற்கு மேலே கொஞ்சம் இடம், கீழே எழுத்து வரிக்கு இடம் எல்லாம் சேர்த்து ஃபிரேமின் உயரம் சுமார் 1.1 மீட்டரைக் காட்ட வேண்டும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் என்றால் நடிகரிடமிருந்து 2.7 மீட்டர், 35 மி.மீ. என்றால் 1.9 மீட்டர். சிறிய சென்சார் கேமராவில், அதாவது ஏபிஎஸ்-சி அளவில், 35 மி.மீ.க்கு 2.9 மீட்டரும் 24 மி.மீ.க்கு 2 மீட்டரும் வேண்டும். பத்தடி அறையில் 50 மி.மீ. லென்ஸோடு போனால் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். இடம் பார்க்கப் போகும்போதே டேப் எடுத்துப் போங்கள்.

போனில் எடுக்கிறவர்கள் முதன்மை லென்ஸில் மிக அருகே போகாதீர்கள். கேமராவை நோக்கி நீளும் கை முகத்தைவிடப் பெரிதாகி விகாரமாகத் தெரியும். இரண்டு மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் போட்டு இரண்டரை மீட்டருக்கு மேல் தள்ளி நில்லுங்கள்.

பின்னணியை மங்கலாக்கும் ஆசையை அடக்க வேண்டும். 50 மி.மீ. லென்ஸ், 2.7 மீட்டர் தூரம், கண்ணில் ஃபோகஸ் என்று வைத்துக் கணக்குப் போட்டால்: லென்ஸ் துளையை எஃப்/1.8 அளவுக்கு அகலத் திறந்தால் முகத்துக்கு முன்னால் 15 செ.மீ. வரைதான் தெளிவு. எஃப்/4இல் 31 செ.மீ., எஃப்/5.6இல் 41 செ.மீ. சைகை செய்யும் கை முகத்துக்கு முன்னால் 30 முதல் 40 செ.மீ.யில் இயங்குகிறது. ஆக எஃப்/1.8இல் முகம் அழகாக இருக்கும், வசனம் மங்கலாகப் போயிருக்கும். தானியங்கி ஃபோகஸை அணைத்துவிடுங்கள். முகத்துக்கும் கைக்கும் நடுவே அது ஊசலாடும்.

ஷட்டர் 1/50 என்ற வழக்கமும் இங்கே போதாது. எழுத்துக்கூட்டும் விரல்கள் வெறும் புகையாகிவிடும். நொடிக்கு 25 ஃபிரேமில் 1/100 வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/100இல் விளக்குகளும் படபடக்காது. 1/125க்கோ 1/200க்கோ போகும்போது சில டியூப்லைட்டும் மலிவு எல்இடியும் கோடு போடும். இவற்றுக்கு விலை வெளிச்சம்: எஃப்/2.8, 1/50 என்று எடுத்துப் பழகியவர் எஃப்/5.6, 1/100க்கு வரும்போது எட்டு மடங்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 400இலிருந்து 3200க்கு ஏற்றிச் சமாளிப்பதைவிட, ஒரு பெரிய விளக்கு வாடகைக்கு எடுப்பது நல்லது.

முகத்துக்கு மட்டும் விளக்கு வைத்துப் பழகிய ஒளிப்பதிவாளர் மார்பையும் வயிற்றையும் இருட்டில் விட்டுவிடுவார். விளக்கைக் கொஞ்சம் இறக்கி, முன்பக்கவாட்டில் வைத்து, கை இயங்கும் வெளி முழுக்க ஒரே அளவில் விழும்படி பாருங்கள். ஜன்னலுக்கு முன்னால் நிற்கவைத்து நிழலுருவமாக எடுத்தால் முகத்தின் இலக்கணம் போய்விடும். இரவுக் காட்சியில் யாராவது விளக்கைப் போட்ட பிறகுதான் பேச்சு தொடங்க முடியும். கரண்ட் போனால் பேச்சு நின்றுபோகும். இந்தக் கருவுக்கே உரிய நாடகம் இது, விட்டுவிடாதீர்கள்.

உடை ஒற்றை நிறமாக, தோல் நிறத்திலிருந்து விலகியதாக இருக்கட்டும். மாநிறக் கை பழுப்புச் சட்டைக்கு முன்னால் கரைந்துவிடும். கட்டம் போட்ட சட்டையும் ஜரிகை மின்னும் சேலையும் கண்ணை இழுக்கும். முந்தானையை ஊசி குத்தி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் டேக்குக்கு டேக் நடிகை அதைச் சரிசெய்வார், அந்த அசைவும் ஒரு சொல்போலத் தெரியும்.

பேச்சுப் படத்தில் நம் கை தானாகப் போகும் சஜஷன் ஷாட்டை, அதாவது ஒருவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எதிரில் இருப்பவரைக் காட்டும் ஷாட்டை, இங்கே யோசித்து வையுங்கள். முன்னால் இருப்பவரின் தோள், எதிரில் இருப்பவரின் ஒரு கையை மறைத்துவிடும். கேமராவை அரையடி உயர்த்தி, வெளிப்பக்கம் நகர்த்தினால் கை வெளியே வரும். இருவர் உட்கார்ந்து பேசினால் நேரெதிரே வைக்காமல் மேசையின் அடுத்தடுத்த ஓரங்களில் வையுங்கள். ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், கேமராவும் இருவர் கையையும் ஒரே ஷாட்டில் பார்க்கும். குளோசப்பை முற்றிலும் தவிர்க்க வேண்டியதில்லை. கை ஓய்ந்து, சொன்னது உள்ளே இறங்கும் நொடிக்கு அதைச் சேமித்து வைத்தால் பேச்சுப் படத்து குளோசப்பைவிடப் பலமாக அடிக்கும். அதேபோல் பார்வையைத் திருப்பிக்கொள்வது. சைகை மொழியில் கண்ணை மூடிக்கொண்டால் எதிராளியின் வாயை அடைத்தது மாதிரி. சண்டைக் காட்சியில் இதைவிடக் கொடூரமான வசனம் கிடையாது.

படப்பிடிப்பு நாளில்

'ஆக்‌ஷன்', 'கட்' இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் வேண்டும். நடிகரின் பார்வை எல்லைக்குள், ஃபிரேமுக்கு வெளியே ஒரு சிறிய எல்இடி விளக்கு. உதவி இயக்குநர் கையில் சுவிட்ச். எரிந்தால் ஆக்‌ஷன், மூன்றுமுறை மினுங்கினால் கட். நடிகர் முதுகு காட்டி நிற்கும் ஷாட்டுக்கு, ஒருவர் ஃபிரேமுக்குக் கீழே படுத்துக் காலைத் தொடுவதுதான் வழி. விளக்கு சரிசெய்யும்போது இருட்டில் விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் கத்தாதீர்கள். அந்த நேரத்தில் காது கேளாத நடிகருக்கு எதுவும் போய்ச் சேராது. இயக்குநர் நடிகரிடம் பேசும்போது நடிகரைப் பார்த்துப் பேச வேண்டும், மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து அல்ல. 'அவரிடம் சொல்லுங்கள்' என்ற சொல்லே செட்டில் வரக் கூடாது.

மெதுவாகச் சைகை செய்யச் சொல்வது அடுத்த பிழை. சைகையில் ஒரு கருத்தைச் சொல்ல ஆகும் நேரம் பேச்சில் ஆகும் நேரத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். மெதுவாக்கினால் நடிகர் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் ஆகிவிடுவார்.

ஒவ்வொரு டேக்கிலும் மொழிபெயர்ப்பாளர் தனி மைக்கில் தமிழில் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே வரட்டும். அது படத்துக்கல்ல, எடிட்டருக்கு. சைகை தெரியாத எடிட்டருக்கு 40 டேக் ஒரே மாதிரி தெரியும். இந்தக் குரல் தடம்தான் அவருக்கு வழிகாட்டி. நடிப்பின் ஒலியைப் பிடிக்கும் மைக்கில் அந்தக் குரல் ஏறாத தூரத்தில் அவர் இருக்க வேண்டும். சின்ன அறை என்றால், டேக் முடிந்ததும் மானிட்டரில் ஓடவிட்டுத் தனியாகப் பதிவு செய்யுங்கள். பேச்சுக் காட்சிக்கு ஒதுக்கும் நேரத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஒதுக்கினால் அவசரப்படாமல் முடியும்.

ஒலி

காது கேளாத வீடு அமைதியான வீடு என்று நினைப்பது காது கேட்பவரின் கற்பனை. பாத்திரம் உருளும், நாற்காலி இழுபடும், கதவு படாரென்று சாத்தும். யாருக்கும் கேட்காததால் யாரும் அடக்கி வாசிப்பதில்லை. காது கேட்கும் பிள்ளை அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் பரீட்சைக்குப் படிக்கிறது. சைகைக்கும் சத்தம் உண்டு: உள்ளங்கை மோதுவது, மார்பைத் தட்டுவது, மூச்சு, தொண்டையிலிருந்து வரும் சிறு ஒலிகள், கண்ணாடி வளையல். இவற்றை அழித்து இசையைப் போட்டு மூடினால் படம் பொம்மைக் கூத்தாகிவிடும். சட்டையில் மாட்டும் மைக் இங்கே உதவாது, கை நேராக அதிலேயே அடிக்கும். தலைக்கு மேலே பூம் (நீளக் கம்பில் மாட்டிய மைக்) வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஆளில்லாத அறை ஒலியை 60 நொடி பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் ஒட்டுப்போட அது இல்லாவிட்டால், வசனமில்லாத காட்சியில் ஒவ்வொரு வெட்டும் காதில் இடிக்கும்.

கோடாவில் பள்ளிக் கச்சேரிக் காட்சி. ரூபி பாடிக்கொண்டிருக்கிறாள்; ஒலி முழுதும் அடங்கிவிடுகிறது. அப்பா மற்ற ரசிகர்களின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறார். கண்ணைத் துடைக்கிறவர்கள், அசைந்தாடுகிறவர்கள். மகள் எப்படிப் பாடுகிறாள் என்பதை அவர் அந்த முகங்களில் படிக்கிறார். அந்த இரவு வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து தனக்காக ஒருமுறை பாடச் சொல்லி, அவள் கழுத்தில் கைவைத்து அதிர்வை வாங்கிக்கொள்கிறார். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன: முதலில் இல்லாமை, பிறகு அவருக்கே உரிய வழி.

இதைப் போலச் செய்ய நினைத்தால் சில கணக்குகள். ஒலியை அணைக்குமுன் யாருடைய பார்வைக்குப் போகிறோம் என்று முகத்தைக் காட்டிவிடுங்கள்; இல்லாவிட்டால் ஸ்பீக்கர் பழுது என்று நினைப்பார்கள். ஒரேயடியாக வெட்டாமல் ஒன்றிரண்டு நொடியில் இறக்குங்கள். 30 நொடியாவது நீடிக்க வேண்டும், பத்து நொடியில் திரும்பிவிட்டால் வெறும் வித்தை. படத்தில் ஒரே ஒருமுறை. நீருக்கடியில் கேட்பதுபோன்ற குமுறலும், காதில் 'ங்ஙீ' என்ற கூவலும் வேண்டாம். பிறவியிலிருந்து கேட்காத ஒருவருக்கு அவை எதையும் குறிப்பதில்லை.

வெட்டும்போது

பேச்சுப் படத்தில் ஒருவர் பேசப் பேச, கேட்பவரின் முகத்துக்கு வெட்டலாம், குரல் தொடரும். சைகையில் வெட்டிய கணமே வசனம் அறுந்துவிடும். ரியாக்‌ஷன் வேண்டுமென்றால் இரண்டு பேரும் ஒரே ஃபிரேமில் இருக்கும் ஷாட்டை வையுங்கள், அல்லது சைகை முடியும்வரை பொறுங்கள். கை ஓய்விலிருந்து எழும்போதே சொல் தொடங்கிவிடுகிறது. ஆகவே கை எழுவதற்கு ஐந்தாறு ஃபிரேம் முன்னால் உள்ளே வந்து, கை இறங்கி ஐந்தாறு ஃபிரேம் கழித்து வெளியேறுங்கள். முதல் வெட்டு முடிந்ததும் சைகை இயக்குநரைப் பக்கத்தில் உட்காரவைத்து முழுவதும் பாருங்கள். எழுத்து வரி இல்லாமல், ஒலியில்லாமல். அவருக்கு எங்கே புரியவில்லையோ அங்கே வெட்டு தப்பு.

எழுத்து வரிகள்

2021 ஆகஸ்டில் கோடா திரையரங்குக்கு வந்தபோது, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் எல்லாக் காட்சியிலும் எழுத்து வரிகள் படத்திலேயே பதிந்து வந்தன. எழுத்தைக் காட்டும் தனிக் கருவியும் கண்ணாடியும் கேட்டு வரிசையில் நிற்க வேண்டிய அவசியம் காது கேளாத ரசிகருக்கு இல்லாமல் போனது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். சைகை வரிகளுக்கு மட்டும் எழுத்து போட்டுவிட்டுப் பேச்சு வரிகளை விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் காது கேட்பவர் முழுப்படத்தையும் பார்ப்பார், காது கேளாதவர் பாதிப்படத்தைப் பார்ப்பார். பேச்சு, சைகை, முக்கியமான ஒலி மூன்றும் வேண்டும். 'குக்கர் விசில்', 'கதவு தட்டும் ஓசை' என்று எழுதுங்கள். 'சோக இசை' என்று எழுதாமல் 'ஒற்றை வயலின், மெதுவாக' என்று எழுதுங்கள்.

ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், வரிக்கு ஐந்தாறு சொல். குறைந்தது ஒரு நொடியாவது நிற்க வேண்டும், ஏழு நொடிக்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் ஆங்கிலக் கணக்கை அப்படியே எடுத்தால் வாசிப்பதற்குள் ஓடிவிடும். தமிழ் மெதுவாகப் படிக்கிற ஒருவரைப் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். 1080 உயரப் படத்தில் எழுத்து 48 முதல் 54 பிக்சல், மெல்லிய கறுப்பு விளிம்போடு. ஃபிரேமின் கீழ்ப் பகுதியில் ஆறில் ஒரு பங்கைப் படமெடுக்கும்போதே கை வராமல் காலியாக விட்டிருந்தால்தான் எழுத்து கைமேல் ஏறாது. பேச்சு வரியை வெள்ளையிலும் சைகை வரியை இளமஞ்சளிலும் போட்டால் யார் எப்படிப் பேசுகிறார் என்பது உடனே தெரியும்.

வட்டார வழக்கை எழுத்தில் கொண்டுவாருங்கள். சைகையில் கெட்ட வார்த்தை பேசும் அப்பாவுக்குப் பாடப்புத்தகத் தமிழில் எழுத்து போட்டால் ஆளே மாறிவிடுவார். எழுத்து வரிகளில் 'ஊமை', 'செவிடு' என்ற சொற்கள் ஒரு பாத்திரத்தின் வாயிலிருந்து வந்தாலொழிய இடம்பெறக் கூடாது.

தொழில்நுட்பத்தில் இரண்டு இடம் காலை வாரும். எழுத்து வரிகளைக் கொண்ட எஸ்ஆர்டி கோப்பை யூடிஎஃப்-8 வடிவில் சேமிக்காவிட்டால் தமிழ் கட்டம் கட்டமாக வரும். சில எடிட்டிங் மென்பொருள்களில் கொம்பு தனியே, கால் தனியே சிதறும். முதல் நாளே 'கொக்கு', 'மௌனம்', 'ஸ்ரீ' என்று மூன்று சொல்லை அடித்து, வெளியீட்டுக் கோப்பாகவே எடுத்துப் பாருங்கள். திரையில் சரியாகத் தெரிந்து வெளியீட்டில் உடைவதும் உண்டு.

திரையிடும் நாளில் முன்வரிசையின் ஓரத்தில் மொழிபெயர்ப்பாளருக்குச் சின்ன விளக்கு ஒன்று வையுங்கள். படம் முடிந்ததும் அரங்கின் விளக்குகளை உடனே முழுதாகப் போட்டுவிடுங்கள். இருட்டில் பெயர்ப்பட்டியல் ஓடும்வரை காது கேளாத ரசிகர்கள் படத்தைப் பற்றி ஒரு சொல் பேசிக்கொள்ள முடியாது.